இடது சிவப்பு, வலது பச்சை

பெயர் எழுதக் கூடாது. எண் மட்டும்: முப்பத்தேழு.
ஆனால் உட்காரும்போதே சொல்லிவிட்டார்:
"எட்டியப்பன், சிஸ்டர். ராணிப்பேட்டை.
தோல்ஷாப்புல டிரம் ஆளு."
நான் சிஸ்டர் இல்லை.
ஆய்வு ஒருங்கிணைப்பாளர் என்கிறது கழுத்து அட்டை.
அதை விளக்கி முடிப்பதற்குள்
அவருடைய பஸ் போய்விடும்.

சம்மதப் படிவம் பதினொரு பக்கம்.
விசிறிச் சத்தத்துக்கு மேல் வாசித்துக் காட்டினேன்.
'எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்'
என்ற இடத்தில் நிறுத்தினார்:
"வேலையிலேர்ந்தா?"

கட்டைவிரலை மையில் தொட்டு அழுத்தினார்.
ஒரு கறுப்புத் திட்டு, நடுவே மூன்று வெடிப்பு.
ரேகை என்று எதுவும் விழவில்லை.
சாட்சிக் கையெழுத்துக்கு
வெளியே முறை காத்திருந்த காட்பாடி அம்மாவைக் கூப்பிட்டோம்.

முதுகில் இருபது வட்டுகள் ஒட்டினோம்.
நிக்கல், கோபால்ட், ரப்பர், வாசனைக் கலவை...
நாற்பத்தெட்டு மணி நேரம் குளிக்காதீங்க,
வியர்க்காமப் பாத்துக்குங்க.
வேலூரில். மே மாதத்தில்.
சொல்லும்போதே எனக்கு வியர்த்தது.

பிரித்தபோது பத்தொன்பது இடம் சும்மா இருந்தது.
ஏழாவதன் கீழ்
கம்பளிப்பூச்சி ஏறியதுபோல் தடித்திருந்தது.
"குரோம்" என்றேன்.
"நீங்க எடுக்கிற தோல் நீலமா இருக்கே, அதுல இருக்கிறது."
கொஞ்ச நேரம் யோசித்தார்.
"மாட்டுக்கு ஒண்ணும் பண்ணலையே."

இடது கைக்குச் சிவப்பு மூடி. வலது கைக்குப் பச்சை.
ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் களிம்பு.
எதில் எது என்று
அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.
ஒட்டிய உறை ஒன்று பெங்களூரில் யாருடைய அலமாரியிலோ.
"சோறு துண்ற கைக்கு
நல்லதைப் போடக் கூடாதா?"
கூடாது.

அரிப்புக்கு மார்க், பூஜ்யத்திலிருந்து பத்துவரை.
"ராத்திரி ரெண்டு மணிக்கு எவ்ளோவோ அதைப் போடு.
பகல்ல வேலை. சொறிய ஏது நேரம்?"
நாலாம் வாரம் இடது ஏழு, வலது எட்டு.
எட்டாம் வாரம் வரவில்லை.
போன் அணைந்திருந்தது.

பன்னிரண்டாம் வாரம் கூப்பிடாமலே வந்தார்.
காய்கறி பரப்புவதுபோல்
இரண்டு கைகளையும் மேசையில் பரப்பினார்.
டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து,
மறுபடி பார்த்தார்.
இடது பூஜ்யம்.
வலது பூஜ்யம்.

"ரேஷன் கடை மெஷினே ஒத்துக்கிச்சு சிஸ்டர்!
ரெண்டு வருசமா என் வூட்டுக்காரி விரல்தான் போயிட்டிருந்தது.
போன வாரம் நான் வச்சேன். டக்குனு பச்சை லைட்டு."

ட்யூப்களைத் தராசில் வைத்தேன்.
சிவப்பு, முக்கால் கனம். பச்சை, முக்கால் கனம்.
"தினம் போட்டீங்களா?"
சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.
"ஷாப்பை மூடிட்டாங்க. ஆறு வாரம் ஆவுது.
ஆர்டர் இல்லயாம்."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
'எடுத்துக்கொண்ட பிற சிகிச்சைகள்' என்று ஒரு வரி உண்டு.
பேனா அங்கே போய் நின்றது.
வேலையின்மை. தினம் மூன்று வேளை,
சாப்பாட்டுக்குப் பதில்.
எழுதவில்லை.
'விதிமீறல்: மருந்து சரிவரப் பூசவில்லை' என்று மட்டும் எழுதினேன்.

"திங்கக்கிழமைலேர்ந்து சத்துவாச்சாரில கட்டட வேலை.
கலவை போடணும்."
"சிமெண்ட்லயும் இருக்குங்க. அதே குரோம்தான்.
கையுறை போட்டுக்கணும், உள்ளே பருத்தி, மேலே..."
கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.
கோபமில்லை, வழி கேட்பது போலத்தான்:
"அது இல்லாத வேலை எது சிஸ்டர்?
லிஸ்ட் இருக்கா?"

எங்களிடம் இருபது வட்டுகளின் பட்டியல் இருக்கிறது.

நிறைவுப் படிவத்தில் கட்டைவிரல் வைத்தார்.
இந்த முறை விழுந்தது:
சுழி, அதைச் சுற்றிச் சுழி,
ஓரத்தில் ஒரு பழைய கத்திக் கீறல்.
பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடினார்.

முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும்
அருகருகே வைத்தேன்.
ஒரே ஆள் என்று எந்த மெஷினும் சொல்லாது.
மை இன்னும் ஈரம்.
தாள் பறக்காதிருக்க
விசிறியை நிறுத்திவிட்டு
வியர்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.